செருமினால் வள்ளம் திரும்புமா?

பெண் பார்க்கப் போயிருப்பீர்கள். வீடு பார்க்கப் போயிருப்பீர்கள். வள்ளம் பார்க்கப் போனதுண்டா? நான் போனேன் — போன ஞாயிற்றுக்கிழமை, வேம்பாருக்கு.

நான் நாசரேத்துக்காரன். கடலை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தே பழக்கம். தூத்துக்குடிக்கு மாற்றலாகி வந்த பிறகும் கடலோடு எனக்கிருந்த ஒரே சம்பந்தம், எங்கள் வாசலில் மீன் கூடையை இறக்கும் மோட்சம்தான். அவள்தான் கூப்பிட்டாள்.

"நீங்க ஒண்ணும் பாத்துச் சொல்லாண்டாம் சார். சும்மா கூட வந்து நில்லுங்க. பேன்ட் போட்ட ஆளு நின்னா விக்கவரு கொஞ்சம் ரோசிச்சுப் பேசுவாரு."

ஆக, அழைப்பு எனக்கில்லை... என் பேன்ட்டுக்கு!

விஷயம் இதுதான். மோட்சத்தின் புருஷன் சூசையும் அவர் தம்பி ராயப்பனும் இத்தனை காலமும் அடுத்தவர் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்கள். புதுத் துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ராயப்பன் மனுப் போட்டுவிட்டான். மோட்சத்துக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கல்யாணமாகி வந்தபோது ராயப்பன் தாயில்லாத பிள்ளை. அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தால் போகமாட்டான் என்று அவளுக்கு நம்பிக்கை. சீட்டு எடுத்து, கழுத்தில் கிடந்ததையும் கழற்றிவிட்டாள். அதற்குப் பழைய வள்ளம்தான் கட்டுப்படியாகும்.

காலைப் பூசை முடிந்து நாலு பேரும் பஸ் ஏறினோம். ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கத்தான் போகக் கூடாது. வள்ளம் பார்க்கலாமாம்.

வள்ளத்துக்குச் சொந்தக்காரர் கஸ்பார் அண்ணாச்சி. வயதாகிவிட்டது, விற்கிறார். சூசை பலகை பலகையாகத் தட்டிப் பார்த்தார். மோட்சம் உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

"நா கூட வரல. நீங்களே ஓட்டிப் பாருங்க. அப்பந்தான் வள்ளம் சங்கதி தெரியும்" என்றார் அண்ணாச்சி. "வலப்பக்கம் மணல் திட்டு கெடக்கு. வெலகிப் போங்க."

கரையில் நின்றவர்கள் கைகொடுக்க, வள்ளம் தண்ணீரில் இறங்கியது. சூசை நேரே பின்பக்கம் போய்ச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூத்தவர் அல்லவா? ஆனால் முதலாளி வள்ளத்தில் சுக்கான் பிடிக்கிறவன் ராயப்பன். சூசை வலை இழுக்கிறவர். இது மோட்சத்துக்குத் தெரியும், ராயப்பனுக்குத் தெரியும், சூசைக்கே தெரியும். யாராவது வாயைத் திறந்தார்களா? மூச்!

எந்தப் பேய் பிடித்ததோ, நானும் ஏறிக்கொண்டேன்.

நல்ல காற்று. கடல் அமைதியாக இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராயப்பன் வலப்பக்கம் பார்த்தான். செருமினான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தான். மறுபடி செருமினான், இந்தத் தடவை பலமாக.

"தடுமமா தம்பி? மிளகு தட்டிப் போட்டுப் பால் குடி" என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

சரக்! வள்ளம் நின்றது. நான் நிற்கவில்லை — ராயப்பன் மடியில் போய் விழுந்தேன்.

"பயப்படாதீங்க சார். தொடை அளவு தண்ணிதான்" என்றான். அளவு வரைக்கும் தெரிந்திருக்கிறது பயலுக்கு!

இறங்கித் தள்ளினோம். எந்தப் பேன்ட்டுக்காக என்னை அழைத்தார்களோ, அது தொடைவரை நனைந்தது. வள்ளத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. கரைக்குத் திரும்பினால், மோட்சம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏலே ராயப்பா, திட்டு ஒன் கண்ணுல படலியா?"

"பட்டுது மதினி."

"பெறவு சொல்ல வேண்டியதுதான?"

"செருமுனேம்லா!"

"செருமுனா வள்ளம் திரும்புமால?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அண்ணன் பிடிச்சிருக்கைல நா எப்படி மதினி சொல்ல? சொல்லவும் முடியல, சும்மா இருக்கவும் முடியல. அதுக்குத்தான் ஹார்பருக்கே போயிருதேங்கேன்."

மோட்சத்தின் முகம் செத்துவிட்டது. எந்த வள்ளத்தை வாங்கி அவனை நிறுத்தப் பார்த்தாளோ, அந்த வள்ளமே அவனைத் துரத்துகிறது. எனக்கும் சங்கடமாகப் போய்விட்டது.

யோசித்துப் பாருங்கள், இந்தச் செருமல் நம் வீட்டில் இல்லையா? அப்பா ஆகாத இடத்தில் சம்பந்தம் பேசுவார், மகன் செருமுவான். ஆபீசில் மேலதிகாரி தப்பாக உத்தரவு போடுவார், கிளார்க் செருமுவார். கேட்டால் மரியாதை என்போம். அந்த மரியாதையில் எத்தனை குடும்பம் தரை தட்டி நிற்கிறதோ!

"ஏளா, அவன ஏசாத" என்றார் சூசை. அவ்வளவுதான் சொன்னார். திரும்பி வள்ளத்தில் ஏறினார். பின்பக்கம் போகவில்லை. பாய்மரத்தடியில் உட்கார்ந்து பாய்க் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டார். சுக்கான் ஆளில்லாமல் கிடந்தது.

ராயப்பன் மதினியைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். ஏறினான்.

இந்தத் தடவை நான் கரையிலேயே நின்றுகொண்டேன். பட்டது போதும். வள்ளம் திட்டை நெருங்கும்போது காற்று திடீரென்று பலத்தது. பாய் ஒரு பக்கமாக உப்பியது. அப்போது கேட்டது பாருங்கள், கரைவரைக்கும் —

"ஏலே! பாயை எளக்குலே! எங்கல பாக்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடப்பிறந்த அண்ணனையா? வீட்டில் அவர் எதிரில் உட்காரக்கூட மாட்டானே! சூசை சட்டென்று கயிற்றைத் தளர்த்தினார். வள்ளம் திட்டைச் சுற்றிக்கொண்டு அழகாகப் போனது.

மோட்சம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சிரிக்கவும் செய்தாள்.

"ஏலேன்னுட்டான் சார்... ஏலேன்னுட்டான்! இனி ஹார்பருக்குப் போவமாட்டான்."

கரை சேர்ந்ததும் ராயப்பனுக்கு அண்ணன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. கயிற்றைச் சுருட்டுகிற மாதிரி குனிந்துகொண்டே நின்றான். சூசைதான் பக்கத்தில் போனார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுல. காத்துல சரியாக் கேக்கல."