அறைக்கு வெளியே ஒரு நாற்காலி

பயிற்சி நாட்களில் நான் முதலில் செய்கிற வேலை, ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அறைக் கதவுக்கு வெளியே போடுவது. நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி. முதுகில் ஒரு விரிசல் உண்டு, சாய்ந்து உட்கார்ந்தால் சட்டையைக் கவ்வும். புதிதாக வந்த அலுவலக உதவியாளர் இரண்டு முறை அதை உள்ளே கொண்டுவந்து மற்ற நாற்காலிகளோடு சேர்த்துவிட்டார். மூன்றாவது முறை, "அது அங்கதான் இருக்கணும்ங்க" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. வாத்தியார்களுக்கு இப்படி ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கும் என்று நினைத்திருப்பார். அதை முதன்முதலில் வெளியே போடச் சொன்னவர் செக்கிங் அக்கா.

விருத்தாசலத்தில் ஒரு சிறிய பீங்கான் பட்டறையில், சூளையிலிருந்து வெளியே வரும் சாமான்களைச் சோதிப்பது அக்காவின் வேலை. சின்ன மரக்குச்சியால் ஒவ்வொன்றையும் தட்டுவார். நல்லதென்றால் கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் எழும்பாது. இதை வைத்து ஓர் உவமை சொல்லாமல் இருப்பது என்னைப் போன்ற ஆளுக்குக் கஷ்டம். ஒருமுறை அவர் முன்னாலேயே சொல்லியும் விட்டேன். "அது... வேல... சார்" என்று மூன்று சொல்லில் என்னை உட்கார வைத்துவிட்டார். அவருக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். இடது கை அவர் சொன்னபடி கேட்காது. பேச்சு வரும், ஆனால் கழுத்து ஒரு பக்கம் இழுக்க, உதடு கோண, ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நாம் டீயை ஆற்றிக் குடித்துவிடலாம். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர்தான். பட்டறையில் எல்லோரும் கூப்பிட்ட பெயரையே நாங்களும் கூப்பிட்டோம்.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஆலோசனை சொல்ல ஆசிரியர்களைத் தயார் செய்யும் பயிற்சி அது. சேத்தியாத்தோப்பு, நல்லூர், கம்மாபுரம் பக்கமிருந்தெல்லாம் இருபது பேர் வந்திருந்தோம். நான் கணக்கு வாத்தியார். விடை தெரிந்தவுடன் சொல்லிவிட வேண்டும் என்று பழகியவன். ஐந்து நாள் பயிற்சி, பிறகு ஒரு வாரம் ஊருக்குப் போய் ஒரு மாணவரைச் சந்தித்துக் குறிப்பு எழுத வேண்டும், மறுபடி ஐந்து நாள் பயிற்சி. நாங்கள் பேசிப் பழகுவதற்காக அக்காவை வரவழைத்திருந்தார்கள்.

முதல் நாள் அவருடைய அண்ணன் வண்டியில் கொண்டுவந்து இறக்கி, பக்கத்திலேயே ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலில் போன ஆசிரியை அண்ணனைப் பார்த்து, "தங்கச்சிக்கு எத்தன வயசாவுதுங்க?" என்று கேட்டார். அடுத்துப் போனவரும் அண்ணனிடமே கேட்டார். அண்ணனும் பாவம், நன்றாகத்தான் பதில் சொன்னார். நான்காவது ஆள் நான். "இவங்களுக்கு வேலைக்குப் போறதுல என்ன சிரமம்?" என்று மரியாதையாக அண்ணனைப் பார்த்து வாய் திறந்தேன். அக்கா வலது கையை நீட்டிக் கதவைக் காட்டினார். "அண்ணே... நீ... நாற்காலிய... எடுத்துனு... வெளிய... போ." அண்ணன் சிரித்துக்கொண்டே நாற்காலியோடு எழுந்து போனார். வீட்டில் இது பழக்கம் போலும். அன்று போட்ட நாற்காலிதான் அது.

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போது மீதியை நாம் ஊகித்துச் சொல்லிவிட்டால், கோபப்பட மாட்டார், முறைக்கவும் மாட்டார். ஆரம்பித்த முதல் சொல்லுக்குத் திரும்பிப் போய்விடுவார். ஊகம் சரியாக இருந்தாலும் அப்படித்தான். "எனக்கு... பஸ்ஸுல..." என்று அவர் தொடங்க, "ஏற முடியலையா?" என்று நான் முடித்தேன். "எனக்கு..." என்றார். "கூட்டமா இருக்குதா?" என்றேன். "எனக்கு..." என்றார். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அந்த ஒரு வாக்கியம் முடிய அன்று கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது, அதில் பெரும்பங்கு என் உபயம். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். அவசரத்தில் இருக்கிறவனை வேண்டுமென்றே மடக்குகிறார் என்று நினைத்தேன்.

இடையில் வந்த வாரத்தில் கம்மாபுரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணைச் சந்தித்தேன். அவளுக்கும் அக்காவைப் போலவே கை கால் இழுப்பும் நிதானமான பேச்சும். அம்மா தினமும் கூடவே வந்து, வகுப்பு முடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நாளாகப் பெண் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது அழுகிறாளாம். ஏன் என்று கேட்டேன். "எனக்கு... ஸ்கூலுக்கு..." என்றாள். பக்கத்தில் இருந்த அம்மா, "போவவே புடிக்கலைங்க சார்" என்றார். நான் குனிந்து, என்னால் முடிந்த அளவு அன்பாக, "வூட்லயே இருந்து படிக்கிறியாம்மா?" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. வீட்டுவழிக் கல்விக்குப் பரிந்துரைத்துப் படிவத்தை நிரப்பி, மேலே அனுப்பச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது மனசு நிறைந்திருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மறுபடி பயிற்சி கூடியபோது என் குறிப்பைப் பெருமையாகவே வாசித்தேன். அக்கா ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வாசித்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்டார். இந்த முறை நான் குறுக்கே புகவில்லை. "அந்த... பொண்ணு... வாயால... சொன்னது... என்னா... சார்?" கையிலிருந்த தாளைப் புரட்டினேன். அம்மா சொன்னது அரைப்பக்கம் இருந்தது. நான் சொன்னது முக்கால் பக்கம். அவள் சொன்னதாக இரண்டே இரண்டு சொற்கள், அதுவும் பாதியில் நின்றவை. "தலைய ஆட்டுச்சுங்க" என்றேன். அக்கா சிரித்தார். "தலைய... ஆட்டுனா... சீக்கிரம்... வுட்டுருவாங்க... நானும்... ஆட்டியிருக்கன்... அஞ்சாவதோட... நிறுத்திட்டாங்க." நான் தாளை மடித்துக்கொண்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அண்ணன் வெளியே யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே அந்தப் பள்ளிக்குப் போனேன். நல்லவேளை, படிவம் இன்னும் தலைமை ஆசிரியரின் மேசையில் இருந்தது. "மதியம் அனுப்பலாம்னு இருந்தன். கொடுத்தத திருப்பிக் கேக்கறீங்களே சார்" என்று அலுத்துக்கொண்டார். ஆய்வகத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அந்தப் பெண்ணை உட்கார வைத்தேன். அவள் அம்மாவுக்குக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டேன். அந்த அம்மா முகம் சுருங்கியது. "நான் இல்லாம அவளுக்குப் பேச வராதுங்களே" என்றார். இருந்தும் போய் உட்கார்ந்தார்.

அன்று முழுதாக ஒரு பீரியடு காத்திருந்தேன். வாயைத் திறக்காமல் இருக்க மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு முறை அவளே நிறுத்தி, நான் முடித்து வைப்பேன் என்று என் முகத்தைப் பார்த்தாள். முடிக்கிற ஆட்களுக்கு அவள் அவ்வளவு பழகியிருந்தாள். கடைசியில் வந்தது: "எனக்கு... ஸ்கூலுக்கு... அம்மா... கூட வரக்... கூடாது. ஸ்கூலு... புடிக்கும்... சார்."

வெளியே அந்த அம்மா அழுதது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவருகே வந்து நின்று, "நான் வரலன்னா இவள பாத்ரூமுக்கு யாருங்க கூட்டினு போவாங்க?" என்று கேட்டார். அதுவரை நாங்கள் யாரும் கேட்காமல் விட்ட நியாயமான கேள்வி அது. பள்ளியில் வேலை செய்யும் ஆயாம்மாவிடம் பேசினோம். உடன் படிக்கும் இரண்டு பெண்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். கழிப்பறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு குழாய் பதிக்க ஒரு மாதம் இழுத்தடித்தார்கள். அதுவரை அந்த அம்மா மதியம் மட்டும் வந்து போனார். அப்புறம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

பின்னாளில் நானே பயிற்சி நடத்துகிறவன் ஆனேன். அக்கா வருடா வருடம் வந்தார். இந்த நிகழ்ச்சியை ஒவ்வொரு குழுவுக்கும் சொல்வேன். சொல்லும்போது, "ஒரு பள்ளியில் ஓர் ஆலோசகர் அவசரப்பட்டு இப்படி எழுதிவிட்டார்" என்றுதான் தொடங்குவேன். அந்த ஆலோசகர் யார் என்று யாரும் கேட்டதில்லை. அக்காவுக்குத் தெரியும். நான் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு நாளும் காட்டிக் கொடுத்ததில்லை. அதற்கு அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறேனா என்றால், இல்லை.

இந்த ஆண்டு அக்கா வர முடியவில்லை. முட்டி தேய்ந்து, நல்லூரில் தங்கை வீட்டோடு இருக்கிறார். போனில் பேசினார். "எனக்கு... பதிலா..." என்றதும் யாரைச் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் காதில் போனை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். "அந்த... கம்மாபுரத்துப்... பொண்ண... கூப்புடுங்க."

அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். போன வாரம் அம்மாவோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். யாரும் சொல்லாமலே அந்த அம்மா விரிசல் விட்ட நீல நாற்காலியில் போய் உட்கார்ந்து, பையிலிருந்து பூவை எடுத்துக் கட்டத் தொடங்கினார். உள்ளே இருபத்திரண்டு பேர் நோட்டும் பேனாவுமாகக் காத்திருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் என் பக்கம் கையைக் காட்டி, "இந்த... சார்... என்னை..." என்று தொடங்கினாள்.

கூச்சமும் சந்தோஷமும் சேர்ந்து வாயைக் கிளறிவிட்டன. "நான் பெருசா ஒண்ணும் செஞ்சிடலம்மா, நீயாத்தான் படிச்ச" என்று முடித்து வைத்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபப்படவில்லை, முறைக்கவும் இல்லை.

"இந்த..." என்றாள் மறுபடி. நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "இந்த... சார்... என்னை... ஸ்கூல... வுட்டு... நிறுத்தப்... பாத்தாரு."

இருபத்திரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். கதவுக்கு வெளியே, நாற்காலியில் இருந்த அவள் அம்மா வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது.