நாலாம் ஜாடி

கம்பெனியில் அவளைத் தூசியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினோரு வருஷம் எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தவள். சுரங்கத்து நிர்வாகம் ஒருநாள் இனிப் பொறுப்பாகத் தொழில் செய்வது என்று தீர்மானித்து, பன்னிரண்டு கொள்கைகளைக் கண்ணாடி போட்டு கேண்டீனில் மாட்டியது. ஏழாவது கொள்கை: அக்கம்பக்கத்தில் நம் தூசி எவ்வளவு விழுகிறது என்று அளந்து, ஒளிக்காமல் சொல்வோம். அளக்க ஆள் வேண்டுமே. எல்லோரும் மோட்டுவளையைப் பார்த்தபோது, “தூசியை எப்படி சார் அளப்பாங்க?” என்று கேட்டவள் இவள் ஒருத்திதான். கேட்ட வாய்க்கே வேலை வந்தது.

ஊரைச் சுற்றி ஐந்து கம்பங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் வாய் திறந்த கண்ணாடி ஜாடி. ஒரு மாதத்தில் விழுந்ததை வடிகட்டி, உலர்த்தி, மூச்சுப் பட்டாலே எண் மாறும் தராசில் நிறுத்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நாலாம் ஜாடி அவள் நாத்தனார் குடியிருந்த தெருவின் முனையில் இருந்தது. மூன்று மாதமாக அதில் தூசி பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. மேலாளருக்கு வாயெல்லாம் பல். நாலாவது மாதமும் இப்படியே இருந்தால் அந்தத் தெரு வழியாகத் தாது லாரிகளை இரண்டு மடங்கு விடலாம். அந்த மாதத் தாளில் அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

“குறைஞ்சிருக்கா?” என்றாள் நாத்தனார். “நல்லா இருக்கு அண்ணி உங்க தராசு. வெள்ளைச் சட்டையைக் கொடியில போட்டு எடுக்கிறேன், எங்க வீட்டுக்காரர் கரி மூட்டை தூக்கினவர் மாதிரி ஆபீஸ் போறாரு.”

“ஜாடி எங்கேயாவது பொய் சொல்லுமா?”

“அப்ப நான் சொல்றேனா?”

ஜாடியும் சரி, நாத்தனாரும் சரி, பொய் சொல்லவில்லை என்றுதான் அவளுக்குப் பட்டது. அதுதான் மண்டையைக் குடைந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கே பிளாஸ்கில் டீயோடு போய், கம்பத்துக்கு எதிரே மூடியிருந்த கடையின் படியில் உட்கார்ந்தாள். ஏழு மணிக்குக் கம்பெனியின் தண்ணீர் லாரி வந்தது. கம்பத்தருகே வந்ததும் குழாய் திறந்தது. முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய், தரையைச் சேறாக்கிவிட்டுத்தான் நகர்ந்தது. மீதித் தெருவுக்குச் சொட்டுகள்தான் மிச்சம்.

அவள் ஓடிப்போய் லாரியின் கதவைத் தட்டினாள். “அண்ணே, எதுக்கு இங்கேயே கொட்டுறீங்க?”

“எல்லாம் உங்களுக்காகத்தான் அக்கா,” என்றார் ஓட்டுநர். “விலை கூடின கருவின்னாங்க. தூசி பூந்து கெட்டுப்போனா உங்க தலையைத்தானே உருட்டுவாங்க? இந்த ரூட்டுக்கு மாறின நாள்லேருந்து, மூணு மாசமா நான்தான் காவல்.”

“அது தூசியைப் பிடிக்கத்தான் அண்ணே வச்சிருக்கு.”

“பிடிக்கவா? அதுக்கு ஜாடி எதுக்கு? என் தலையைத் தட்டினாப் போதுமே!”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஜாடியைச் சுற்றி மட்டும் நனைத்துக் குறைத்த தூசி அது. மூன்று தாளிலும் இருந்தது அவள் கையெழுத்து.

“இந்த மூணு எண்ணும் செல்லாது சார்,” என்றாள் மேலாளரிடம். நடந்ததைச் சொன்னாள்.

“நீங்க போட்ட கையெழுத்துதானேம்மா?”

“தெரியாமப் போட்டேன். இப்பத் தெரிஞ்சு போச்சு.”

“சரி, நிஜமான எண் எவ்வளவு?”

“தெரியாது சார்.”

“தெரியாதுன்னு அறிக்கையில எழுத முடியுமா?”

“ஒளிக்காமச் சொல்லணும்னா அதைத்தான் சார் எழுதணும்.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு மூன்று எண்களையும் அடித்துவிட்டு, “புதுசா அளக்க எத்தனை மாசம்?” என்றார்.

“மூணு.”

“அதுவரைக்கும் லாரி பழையபடியே ஓடட்டும். அதுக்கப்புறம் என் கையில இல்லை.”

நாத்தனார் தெருவுக்கு மூன்று மாதம் கிடைத்தது. அவ்வளவுதான்.

மறுநாள் ஓட்டுநர் கேட்டார், “அப்ப இனிமே எங்கதான் ஊத்தட்டும்?”

“தெரு முழுக்க.”

“ஒரு லோடு எட்டாது அக்கா.”

“எதுவரைக்கும் எட்டும்?”

அவருக்குத் தெரியவில்லை. யாரும் பார்த்ததில்லை. அவள் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். முனையிலிருந்து ஒரே சீராகத் தண்ணீரைத் திறந்துவிட்டு லாரி ஊர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வீடுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். பத்தொன்பதாவது வீட்டில் தண்ணீர் நின்றது. தெருவில் நாற்பத்திரண்டு வீடு. நாத்தனார் வீடு இருபத்தாறாவது.

“போய் ரொப்பிட்டு வர எவ்வளவு நேரமாகும் அண்ணே?” என்றாள், இறங்காமல்.