எங்கள் அப்பா கை நனைத்த வீடு

அக்கா இல்லாமல் வருகிற முதல் தைப்பூசம் இது. அவருடைய ஆண்டு நினைவுக்காக அச்சிட்ட இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும், கூடப்பிறந்தவள் என்ற உரிமையில் நான் சொல்லக்கூடியது அக்கா நடத்திய அடுப்பின் கதைதான். அதைவிடப் பெருமையாகச் சொல்ல என்னிடம் வேறு இல்லை.

அக்கா பிறந்தது பெருமாள்மலையில். அப்பாவுக்கு அங்கே கொஞ்சம் காபிச் செடியும் ஆரஞ்சு மரமும் இருந்தன. எனக்கு விவரம் தெரியும் முன்பே அம்மா போய்விட்டார். என்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டுதான் அக்கா சோறு வடிக்கப் பழகினார். அப்பா வருடம் தவறாமல் பழனிக்குக் காவடி எடுப்பவர். அந்த நேர்த்திக்காகக் கறி, மீனை அடியோடு விட்டவர். எங்கள் வீட்டு அடுப்பும் அப்படியே பழகிப்போயிற்று.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் அக்காவை மலையடிவாரத்துப் பாலசமுத்திரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்தார்கள். சில வருடம் கழித்து அத்தானின் தம்பிக்கே என்னையும் கொடுத்தார்கள். ஒரே வீட்டில் அக்கா மூத்த மருமகள், நான் இளையவள். ஞாயிற்றுக்கிழமைக்குக் கறியும் மற்ற நாளுக்குக் கருவாடும் இல்லாமல் யாரும் சாப்பிட உட்காராத வீடு அது. அக்கா அதைத் தின்னமாட்டார். ஆனால் முகம் சுளிக்காமல் ஆக்கிப் போடுவார். அதற்காகவே மாமனாரும் மாமியாரும் அவரை மெச்சுவார்கள். அவர்களை நாங்கள் மாமா, அத்தை என்போம்.

நான் வாழவந்த வருடம் தை பிறந்தது. மலையிலிருந்து காட்டுப் பாதையில் இறங்கும் காவடிக் கூட்டம் எங்கள் வாசல் வழியாகத்தான் பழனிக்குப் போகும். அதில் அப்பாவும் வந்தார். இருவரும் செம்பில் தண்ணீரோடு ஓடினோம். அப்பா வாங்கவில்லை.

"மாலை போட்டிருக்கேன் தாயி. கறி வேகுற வீட்டுல கை நனைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தாம் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரித்தார்.

அத்தைக்குக் கோபம். "ரெண்டு பொண்ணக் குடுத்த வீடு. தண்ணிகூடவா ஆகாது உங்கப்பாருக்கு?"

அப்பா சாப்பிட்டு எழும் வரை அக்கா நிலைப்படியிலேயே நின்றார். காவடி மாலையோடு அப்பா ஒருநாள் இந்த வீட்டுக்குள் வந்து சாப்பிட வேண்டும் என்று அவர் மனதில் விழுந்தது அன்றைக்குத்தான்.

மறுவருடம் அத்தையிடம் கெஞ்சி, தை முழுவதும் வீட்டையே விரதம் இருக்க வைத்தார். அடுப்பு மெழுகினோம். பாத்திரமெல்லாம் புளி போட்டுத் துலக்கினோம். கறிச்சட்டியைக் கழுவி மாட்டுக்கொட்டத்தில் உறியில் தொங்கவிட்டோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு. அப்பா படியேறவில்லை. வாசலில் நின்றபடி, "கறிச்சட்டி எங்க கெடக்கு?" என்று கேட்டார். அக்காவுக்குப் பொய் வராது. கொட்டத்தைக் காட்டினார்.

"பூசம் முடிஞ்சா எறக்கப்போற சட்டிதான? அப்ப இது விரதம் இல்ல தாயி. லீவு."

மறுபடியும் வேப்பமரத்தடிதான். எனக்கு ஆத்திரம். "இந்த மனுசன் என்னைக்கும் திங்கப் போறதில்லக்கா. விட்டுத் தள்ளு" என்றேன்.

"அப்பா சொன்னதுல என்னடி தப்பு? சட்டி தொங்கத்தான செய்யுது" என்றார் அக்கா. "ஆனா வெரசாப் பண்ணுனா வீடு ரெண்டாப் போயிரும். மெள்ளத்தான் போகணும்."

எப்படி மெள்ளப் போனார் என்பதைக் கேளுங்கள். கறி வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கறி இல்லாத நாளைக் கூட்டிக்கொண்டே போனார். முதலில் கிருத்திகை. முருகனுக்கு என்றால் யார் மறுப்பார்கள்? அப்புறம் வெள்ளி, அப்புறம் செவ்வாய், அதற்கப்புறம் புரட்டாசி முழுவதும். அந்த நாட்களில் இலையில் ஒரு குறை இருக்காது. கறிக்கு அரைக்கும் அதே மசாலையை அரைத்துப் பலாப்பிஞ்சில் குழம்பு வைப்பார். அத்தான் ஒருநாள், "எலும்பே இல்லாம நல்ல எடமாப் பாத்து வாங்கியிருக்கீகளே" என்று இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும்போதுதான் அன்று வெள்ளிக்கிழமை என்று அவருக்கு உறைத்தது.

குலசாமிக்குக் கிடாய் வெட்டுவதை அக்கா தடுக்கவில்லை. அங்கேயே பொங்கி, அங்கேயே பந்தி முடித்து வரவேண்டும், வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அத்தை பல் போன பிறகு கருவாட்டை விட்டார். "உனக்காக இல்லடி. உன் மொச்சக் கொழம்ப மெல்ல வேண்டியதில்ல பாரு" என்றார். எங்கள் பிள்ளைகள் அந்த ருசியே தெரியாமல் வளர்ந்தார்கள். பழனியில் கறிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் மாமாவுக்குச் சிநேகிதர். "உங்க மருமக எங் கடையப் பூட்ட வச்சிட்டுத்தான் ஓயும்போல" என்று சிரிப்பார். அந்த மனிதரே பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு மட்டும் சீனியும் பழமும் கொடுத்தனுப்பப் பழகினார்.

கடைசியில் மாமா ஒருவர்தான் மிச்சம். அவர் ஒருவருக்காக ஞாயிறுதோறும் அக்கா கொட்டத்து அடுப்பில் கறி ஆக்குவார். ஆக்கி முடித்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வருவார். ஒரு மார்கழிக் குளிரில் ஈரச் சேலையோடு வந்தவரை மாமா பார்த்துவிட்டார்.

"ஏத்தா, இந்தக் குளிர்ல இப்படி நனையணுமா? ஆக்க முடியலன்னு சொல்ல வேண்டியதுதான?"

"நீங்க சாப்பிடுறது உங்க இஷ்டம் மாமா. எங்கப்பா இங்க சாப்பிடணும்ங்கிறது என் ஆசை. ரெண்டையும் பாக்க நான் ஒருத்திதான இருக்கேன்."

மாமா அன்று கறியைத் தின்று முடித்தார். பிறகு சட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு போய் வாய்க்கால் மேட்டில் போட்டு உடைத்துவிட்டு வந்தார். "எவரும் சொல்லி நான் விடல. எஞ் சம்பந்தி என் வாசல்ல உக்காந்து கட்டுச்சோறு திங்கிறது எனக்குத்தான் மரியாதக் கொறச்சல்" என்றார். அதற்குள் அறுபதுகள் பிறந்துவிட்டன.

அடுத்த தையில் அப்பா வந்தார். முன்னைப்போல் நடை இல்லை. அதே கேள்வியைக் கேட்டார். அக்கா வாய் திறக்குமுன் மாமா முந்திக்கொண்டார்.

"சட்டியே கெடையாது சம்பந்தி. சந்தேகம்னா அடுப்படியில வந்து பாருங்க."

அப்பா அடுப்படிக்குப் போகவில்லை. காவடியை வாசலில் சாத்திவிட்டு, கால் கழுவி, உள்ளே வந்து இலை முன் உட்கார்ந்தார். மாமா நின்றுகொண்டே விசிறினார். அக்கா பரிமாறினார். பாதிச் சோற்றில் அப்பா நிமிர்ந்து, "கொழம்புல உப்பு ஒரு கல்லு கம்மி தாயி" என்றார்.

"அடுத்த வருசம் வாங்கப்பா. சரியாப் போடுறேன்" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு மலைக் காவடிக்கெல்லாம் எங்கள் வீடுதான் பந்தி. அப்பா காலத்துக்குப் பிறகும் நிற்கவில்லை. வெளியூரில் வேலைக்குப் போன பேரன்மார் அங்கே என்ன சாப்பிடுகிறார்கள் என்று அக்கா கேட்டதில்லை. "வெளிய அவுக சவுரியம். இங்க அடுப்பு எஞ் சோலி" என்பார். போன தையில் படுக்கையில் இருந்தபடியே மருமகள்களைக் கூப்பிட்டுக் குழம்பை உள்ளங்கையில் விடச் சொல்லி உப்புப் பார்த்தார். பூசம் கழிந்து சில நாளில் அமைதியாக அடங்கினார்.

அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பாய் வீட்டுப் பிள்ளைகளுக்கும், இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட மருமகள்களுக்கும், நான் சொன்னதை அலுக்காமல் எழுதிக்கொடுத்த பேத்திக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாலை போட்டு வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒவ்வொருவருக்கும், அக்காவின் பேரில் நான் கும்பிடுகிறேன். நீங்கள் சாப்பிட்டதுதான் அவர் சம்பாதித்தது.