காவிரிக்கரையில் காணாமல் போன மச்சான்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பொருளைத் தொலைத்துவிட்டேன். குடையை அல்ல, பர்ஸை அல்ல… மச்சானை!

என் மனைவி பரிமளத்தின் அண்ணன் சின்னச்சாமி. வில்பட்டியில் பூண்டு, கேரட் போடுகிற மனிதர். நான் கீழ்நாட்டிலிருந்து கொடைக்கானலுக்கு வேலைக்கு வந்து, அவர் தங்கையைக் கட்டிக்கொண்டு, அப்படியே மலையில் ஒட்டிக்கொண்டவன். என்னை 'மாப்ள' என்று அவர் கூப்பிடுகிற தோரணையில் பாதி மரியாதையும் பாதி பரிதாபமும் இருக்கும்.

திருச்சியில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். மச்சான், அவர் மனைவி லட்சுமி அக்கா, பரிமளம், நான் — நாலு பேரும் வேன் பிடித்துப் போயிருந்தோம். மறுநாள் கிளம்பும்போது மச்சான் மெதுவாக ஆரம்பித்தார்.

"மாப்ள, இங்கன ஆத்தங்கரையில பெரிய பார்க்கு இருக்காம்ல. ஒரு எட்டு பாத்துட்டுப் போவமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொடைக்கானல்காரர் பார்க் பார்க்க ஆசைப்படுவதா? ஊரே அங்கே பார்க் பார்க்கத்தானே வந்து குவிகிறது!

"நம்ம ஊரு பார்க்குக்குள்ள நீங்க போயிருக்கீங்களா மச்சான்?"

"வாசல்ல கேரட்டு வித்துருக்கேன். உள்ள போக எங்க நேரம்? சீசன்லதான தோட்டத்துலயும் சோலி கெடக்கு."

நியாயம்தான். சுற்றுலா ஊரில் இருப்பவனுக்குச் சுற்றுலா கிடையாது.

பூங்கா என்றால் பூங்கா… அப்படி ஒரு பெரிய பூங்கா. ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் ஊஞ்சல், சறுக்கு, பொரித்த மீன் வாசனை. மரத்துக்கு மரம் ஒரு குடும்பம், குடும்பத்துக்குக் குடும்பம் ஒரு புளியோதரை டப்பா. நாங்களும் ஒரு மரத்தடியில் பாயை விரித்தோம்.

மச்சானுக்குச் சர்க்கரை உண்டு. உடனே சாப்பிடப் போகிறோம் என்று மாத்திரையைப் போட்டுவிட்டார். தண்ணீர் பாட்டில் காலி. "நான் வாங்கிட்டு வர்றேன்" என்று நான் ஒரு பக்கம் எழுந்தேன். "அதுக்குள்ள ஆத்த ஒரு பார்வ பாத்துட்டு வந்துர்றேன்" என்று அவர் ஒரு பக்கம் எழுந்தார்.

நான் வந்துவிட்டேன். அவர் வரவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்தோம். போன் அடித்தோம். அது வேனில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

லட்சுமி அக்காவின் முகம் மாறிவிட்டது. "மாத்திர போட்டுட்டு வெறும் வயித்தோட திரியுறாரே… இப்புடித்தான் அன்னைக்கித் தோட்டத்துல மயங்கி விழுந்தாரு. இங்க ஆத்துப் பக்கம்ல போயிருக்காரு!"

 பெண்கள் இருவரையும் பாயிலேயே இருக்கச் சொல்லிவிட்டு ஓடினேன். பக்கத்துப் படித்துறையெல்லாம் தலைகள். வெள்ளைச் சட்டை, வேட்டி, நரைத்த தலை… கல்யாண சீசனில் திருச்சியில் எத்தனை பேர் அப்படி இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். ரெண்டு பேரின் தோளைத் தொட்டு அசடு வழிந்தேன். தண்ணீர் இழுத்துக்கொண்டு போவதைப் பார்க்கப் பார்க்க இன்னும் வேகமாக ஓடினேன். பொய் சொல்லவில்லை, அவ்வளவு பயந்தேன்.

கடைசியில் நுழைவாயிலுக்கு ஓடினேன். அங்கே ஒரு சின்ன அறையில் மைக் இருந்தது. பெண் போலீஸ் ஒருவர் விவரம் கேட்டுக்கொண்டு, தெளிவாக அறிவித்தார்.

"வில்பட்டியிலிருந்து வந்திருக்கும் சின்னச்சாமி அவர்கள், உடனே நுழைவாயிலுக்கு வரவும்…"

மறுபடி மறுபடி சொன்னார். மரத்துக்கு மரம் குழாய் கட்டியிருந்தார்கள்; பூங்கா முழுக்கக் கேட்டிருக்கும். யாரும் வரவில்லை. காது கேட்கிற மனிதர் ஏன் வரவில்லை? அந்தக் கேள்விக்கு என் மனசு சொன்ன பதிலை இங்கே எழுத மாட்டேன்.

அப்போது பரிமளம் போன் செய்தாள்.

"ஏங்க, மைக்குல என்ன சொல்லிக்கிட்டு இருக்கீங்க? வரச் சொன்னா அண்ணன் எப்புடி வரும்?"

"ஏன், வந்தா என்ன?"

"பனி எறங்கிருச்சுன்னா தோட்டத்துல என்ன செய்வோம்? வழி தப்புனவுக நின்ன எடத்த விட்டு அசையக் கூடாது. தேடுறவுகதான் குரல் குடுத்துக்கிட்டே போகணும். நீங்க வெரசா குரல் குடுங்க!"

எனக்கு அந்தக் குரல் வராது. வில்பட்டிச் சரிவுகளில் பனிமூட்டம் இறங்கி, பக்கத்தில் நிற்கிற ஆளே தெரியாதபோது, ஒருவர் அடிவயிற்றிலிருந்து நீளமாகக் கூவுவார். எங்கிருந்தோ பதில் கூவல் வரும். அதைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்வார்கள். நான் ஒரு முறை முயற்சி செய்தேன்; நாய்தான் வந்தது.

"எனக்கு வராதும்மா…"

"அப்ப போன மைக்குகிட்ட வைங்க!"

ஸ்பீக்கரைப் போட்டு வைத்தேன். பெண் போலீஸ் என்ன ஏது என்று கேட்பதற்குள், என் மனைவியின் குரல் காவிரிக்கரை முழுக்கப் பாய்ந்தது.

"ஓ… ஓ… ஓஓஓய்ய்ய்!"

பூங்கா சட்டென்று அடங்கியது. ஊஞ்சல்கூட நின்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த நொடி, மேற்குப் பக்கத்துப் படித்துறையிலிருந்து, கணீரென்று… "ஓஓஓய்ய்ய்!"

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மைக்கருகில் நின்றே அழுதேன். பெண் போலீஸ், "போங்க சார், ஓடுங்க!" என்று விரட்டிய பிறகுதான் ஓடினேன்.

படித்துறை ஓரத்தில் ஒரு புங்கமரத்தை ஒரு கையால் பிடித்தபடி நின்றிருந்தார் மச்சான். சட்டை முழுக்க வியர்வை. சர்க்கரை இறங்கியிருந்தது. பக்கத்துக் கடையில் ஒரு ஜூஸ் பாட்டிலை வாங்கித் திறந்து வாயில் வைத்தேன். பாதி பாட்டில் போனதும் முகத்தில் உயிர் வந்தது. எனக்கும்தான்.

"மச்சான்… மைக்குல கூப்பிட்டது கேக்கலையா?"

"கேட்டுச்சே. பேரு, ஊரு எல்லாம் நல்லாத்தான் சொன்னாங்க."

"அப்ப ஏன் வரல?"

"எல்லா மரமும் ஒண்ணுபோல இருக்கு. வழி தெரியாத எடத்துல நான் ஒரு பக்கம் நடக்க, நீங்க ஒரு பக்கம் நடக்க… விடிஞ்சிரும். அதான் அசையாம நின்னுக்கிட்டேன்."

அந்த ஊரில் பனியில்லை, காடில்லை, பளீரென்று வெயில். நுழைவாயிலுக்குப் போக அம்புக்குறி போட்ட பலகை அவர் தலைக்கு மேலேயே இருந்தது. அதைக் காட்டித் திட்ட வேண்டும் என்றுதான் வாயெடுத்தேன். ஆனால் கிடைத்துவிட்ட மனிதரை எப்படித் திட்டுவது? இத்தனை பெரிய கூட்டத்தில், தன்னைத் தேடி நிச்சயம் ஆள் வரும் என்று நம்பி ஒருவர் நின்றிருக்கிறார். இந்த நம்பிக்கை நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? நாமெல்லாம் லொகேஷன் அனுப்பிவிட்டு, அப்புறமும் நாலு தடவை போன் போடுகிற ஆட்கள்.

பாயில் உட்கார்ந்து புளியோதரையை அள்ளி அள்ளிச் சாப்பிட்டோம். இவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டு நாளாயிற்று. லட்சுமி அக்காவுக்குப் பயம் போனதும் கோபம் வந்தது. மச்சானை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "கூட ஒரு ஆளு இருந்தும் இப்புடி விட்டுட்டீகளே!" என்று வேன் ஏறும் வரைக்கும் அர்ச்சனை.

மச்சான்தான் என்னைக் காப்பாற்றினார்.

"விடு லெச்சுமி, மாப்ளயத் திட்டாத. நான் ஒரே எடத்துலதான இருந்தேன்… பாவம், அவருதான் எம்புட்டு நேரம் தொலஞ்சு கெடந்தாரோ!"