சொறி என்று நான் சொன்னது

எங்கள் நாய்க்கு இடுப்பில் முடி கொட்டியபோது, அது சொறி என்று சொன்னவள் நான்தான். வீட்டில் வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நான் ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை என்பது அப்போது எங்கள் வீட்டு வழக்கம். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை அடக்கிவிட்டு வருகிறவளிடம் யார் வாய் கொடுப்பார்கள்?

எண்பதுகளின் தொடக்கம் அது. சங்கரன்கோவிலில் நான் ஆசிரியை. என் கணவர் வீட்டுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த கொட்டகையில் நாலு விசைத்தறி போட்டிருந்தார். அந்த நாய் அவரோடு வந்தது. வெள்ளை நிறம், ராஜபாளையம் கலப்பு, நல்ல உயரம். தறிக்காரர்கள் வாங்கிவரும் பரோட்டாவிலும் வடையிலும் பாதி அதன் வயிற்றுக்குத்தான் போகும் என்பதால் உடம்பு மட்டும் பீப்பாய். பேர் ஒன்றும் வைக்கவில்லை. “ஏலே” என்று கூப்பிட்டால் தறிக்காரர்களும் திரும்புவார்கள், நாயும் திரும்பும். கொட்டகை மூலையில் கழிவு நூல் குவிந்து கிடக்கும். அதன் மேல்தான் பத்து வருஷமாக அது படுத்தது. தறி ஓடுகிற சூட்டில் அந்த மூலை மழைக்காலத்திலும் கதகதப்பாக இருக்கும்.

அந்த வருஷம் அதற்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. காலையில் எழும்போது முன்கால்களை ஊன்றிப் பாதி உடம்பைத் தூக்கிவிட்டு, பின்பாதி தரையிலேயே இருக்க, தலையைத் தாழ்த்திக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். பிறகுதான் பின்கால்கள் வரும். “டீச்சரம்மாவுக்குக் கும்பிடு போடுது பாருங்க” என்று தறிக்காரர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். சும்மா சிரிக்கவில்லை, கொஞ்சம் பெருமையாகவே சிரித்தேன்.

வீட்டுக்குள் ஏற மூன்று படி. முன்பெல்லாம் எனக்கு முன்னால் பாய்ந்து ஏறும் நாய், இப்போது படிக்குக் கீழே ஒதுங்கி நின்று நான் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஏறிய பிறகும் உடனே வராது. பெரியவர்களுக்கு வழிவிட வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தபோது, இந்த நாயைத்தான் உதாரணம் காட்டினேன். எங்கள் வீட்டு நாய்க்கு இருக்கிற மரியாதை உங்களுக்கு உண்டா என்று கேட்டேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

ஐப்பசியில் மழை பிடித்ததும் அது இடது இடுப்பை நக்கத் தொடங்கியது. எப்போது பார்த்தாலும் நக்குவதுதான். வெள்ளை முடி எச்சில் பட்டுப் பட்டுத் துரு நிறமாகி, பிறகு கொட்டி, உள்ளே தோல் சிவந்து தெரிந்தது. அப்போதுதான் நான் சொறி என்று சொன்னேன்.

எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் முதலில் ஓடுவது கோயிலுக்குத்தான். புற்று மண்ணைக் கொண்டுவந்து தண்ணீரில் குழைத்துப் பூசுவோம். என் கழுத்தில் வந்த தேமல் அப்படிப் போனதுதான். அதனால் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முண்டியடித்துக்கொண்டு போய் மண்ணும் கொண்டுவந்தேன், உப்பும் மிளகும் போடுவதாக வேண்டிக்கொண்டும் வந்தேன். மண்ணையோ சாமியையோ நான் குறை சொல்லவில்லை. என்ன நோய் என்று தெரியாமல் பூசியது என் கை.

பூசுவதற்கு முன்னால் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா? காலை ஆறு மணிக்குக் கிணற்றடியில் நிறுத்தி, இரண்டு வாளி பச்சைத் தண்ணீர். பிறகு சொறி உள்ள இடத்தை விரலால் நன்றாக அழுத்தித் தேய்த்து மண் பூச்சு. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மழை பெய்த நாளில்கூட நான் விட்டதில்லை. துணியில் நோய் முடி ஒட்டக்கூடாது என்று கொட்டகையிலிருந்து வெளியேற்றி, கிணற்றை ஒட்டிய தகரச் சாய்ப்புக்குக் கீழே சிமெண்டுத் தரையில் கட்டிப்போட்டேன்.

“அது இங்கனயே கெடந்துட்டுப் போகட்டும் டீச்சர். நாங்க ஒண்ணும் சொல்லலியே” என்றார் தறிக்காரர் ஒருவர்.

“நாளைக்குத் துணியில முடி கெடந்தா நீங்களா பதில் சொல்லுவீங்க?” என்றேன். அவர் தறிக்குத் திரும்பிவிட்டார்.

என் கணவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஒருநாள் காப்பி குடிக்கும்போது மெல்லச் சொன்னார். “ஏட்டி, அது சொறி மாதிரித் தெரியல. எந்திரிக்கும்போது பாத்தியா? அதுக்கு உடம்புக்கு என்னமோ செய்யுது.”

“நீங்க தறியப் பாருங்க. நாய நான் பாத்துக்கிடுதேன்.”

அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் ஒருநாள் காலை அது எனக்கு அடங்கவில்லை. தண்ணீர் ஊற்றியதும் நழுவப் பார்த்தது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில், இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். சட்டென்று திரும்பி என் மணிக்கட்டை வாயில் கவ்வியது. பல் பட்டது, ஆனால் பதியவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. அது கடிக்கவில்லை, “விடு” என்றது, அவ்வளவுதான். அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. என் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு என் கையையே கவ்வுகிறதா என்று கோபம் உச்சிக்கு ஏறியது. சாய்ப்பில் செருகியிருந்த மூங்கில் கம்பை எடுத்து அடித்தேன். எத்தனை அடி என்று எனக்கு நினைவில்லை. எங்கே அடித்தேன் என்பது மறக்கவில்லை. அதே இடுப்பில்.

உள்ளே நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. நாயும் பெரிதாகக் கத்தவில்லை.

மறுநாளிலிருந்து அது மாறிவிட்டது. நான் பின்கதவைத் திறந்ததுமே தானாக எழுந்துகொள்ளும். சங்கிலி எட்டுகிற தூரத்தில் கிணற்றடி. முன்பாதி, பின்பாதி என்று தவணை தவணையாக எழுந்து, அங்கே நடந்து போய், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும். நான் வாளியை எடுக்கக்கூட வேண்டாம். “பாத்தீங்களா, இப்பச் சொன்ன பேச்சு கேக்குது” என்று கணவரிடம் சொன்னேன். அடித்ததைச் சொல்லவில்லை.

மார்கழி வந்தும் புண் ஆறவில்லை. இன்னொரு காலையும் நக்க ஆரம்பித்திருந்தது. சரி, மண்ணோடு ஏதாவது களிம்பும் சேர்த்துப் போடலாம் என்று ஒரு சனிக்கிழமை மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். தறிக்குப் பாவு நூல் ஏற்றிவருகிற தள்ளுவண்டியில் வைத்துக் கூட்டிப்போகலாம் என்றார் கணவர். “நாலு கால் இருக்குல்லா, நடக்கட்டும்” என்றேன். வழியில் இரண்டு முறை அது உட்கார்ந்தது. இரண்டு முறையும் சங்கிலியை இழுத்தேன்.

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு பசுமாட்டுக்கு ஊசி போட்டு முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் புண்ணைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

“அதப் படுக்கச் சொல்லுங்க. பெறகு எந்திரிக்கச் சொல்லுங்க. நான் எந்திரிக்கதப் பாக்கணும்.”

அது எழுந்தது, அதே கும்பிடோடு. அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை. குனிந்து, பின்காலை ஒரு கையால் தாங்கி, மெல்லப் பின்பக்கம் நீட்டினார். நாய் சத்தம் போடவில்லை.

“இந்தா பாருங்க டீச்சர். காது பின்னால போயிட்டு. உதட்ட நக்குது. மூச்சு வாங்குது. இவ்வளவுதான் காட்டும். இது சொறி இல்ல, இடுப்பு மூட்டு தேஞ்சிருக்கு. வலிக்கிற எடத்த நக்கி நக்கிப் புண்ணாக்கியிருக்கு. நமக்கு முட்டு வலிச்சா தடவிக்கிடுதோம்லா?”

“வலிச்சாக் கத்தாதா டாக்டர்?”

“புதுசா அடிபட்டாக் கத்தும். தெனமும் உள்ள வலிக்கு என்னத்தக் கத்த? படி ஏறத் தயங்கும், வெளையாட்ட விட்டுரும், எந்திரிக்க நேரமாகும். நாம வயசாயிட்டுனு சொல்லிருவோம்.”

பிறகு கேள்விகள் வந்தன. எங்கே படுக்கிறது? சிமெண்டுத் தரையில். குளிப்பாட்டுகிறீர்களா? தினமும். அதைச் சொல்லும்போது எனக்குள் கொஞ்சம் பெருமை மிச்சம் இருந்தது. பச்சைத் தண்ணீரிலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

“தொட்டா யாரையும் கடிக்க வந்துதா?”

“ஒரே ஒரு தடவ.”

“அது வலியில செய்யது. அதுக்காக அடிச்சுராதீங்க.”

சரி என்று தலையாட்டினேன். ஏற்கெனவே அடித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இது குணமாகிற நோய் இல்லை, வலியைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். ஈரம் ஆகாது, குளிர் ஆகாது. கனமாகச் சாக்கு விரித்துப் படுக்க வைக்கவேண்டும். உடம்பு எடையைக் குறைக்கவேண்டும், அதுதான் முக்கியம். கட்டியே போட்டால் மூட்டு இறுகும், ஓடவிட்டால் வீங்கும். அதனால் தினமும் கொஞ்ச தூரம் மெதுவாக நடக்கவேண்டும். சூட்டு ஒத்தடம் நல்லது. வலி அதிகமான நாளில் மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தந்த மாத்திரை. “வீட்ல இருக்க மனுஷ மாத்திரையக் குடுத்துராதீங்க, குடல் புண்ணாயிரும்” என்று இரண்டு முறை சொன்னார்.

திரும்பும்போது நடத்திக் கூட்டிவர எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொன்னேன். கணவர் தள்ளுவண்டியில் சாக்கு விரித்துக் கொண்டுவந்தார். நான் பின்னால் நடந்து வந்தேன். அவர் “நான் அப்பவே சொன்னேன்” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அன்றைக்கே அது தன் பழைய மூலைக்குத் திரும்பியது. சாக்கில் கழிவு நூலைத் திணித்து மெத்தை தைத்தோம். படி ஓரமாக மண் கொட்டிச் சரிவு கட்டினார் கணவர். தறிக்காரர்கள் பரோட்டாவை மறைத்துத் தின்னப் பழகினார்கள். தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து காலையும் மாலையும் ஒத்தடம். நான் அதைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். காது எப்படி இருக்கிறது, எந்தக் காலில் கனம் வைக்கிறது, எழுந்த பிறகு எத்தனை அடி நொண்டுகிறது என்று பார்ப்பேன். இதெல்லாம் முன்பும் என் கண்முன்னால்தான் நடந்தது. மாசியில் புண் ஆறிப் பூனைமுடியாக வெள்ளை முளைத்தது. யாரும் எதுவும் பூசவில்லை. அதைப் பார்த்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

ஆனால் ஒத்தடம் கொடுக்க நான் போனால் மட்டும் அது படுத்திருக்காது. கணவர் போனால் காலை நீட்டிக் காட்டும். என் காலடி கேட்டதும் சிரமப்பட்டு எழுந்து, கொட்டகையை விட்டு வெளியேறி, கிணற்றடிக்குப் போய்த் தலையைத் தொங்கப்போட்டு நின்றுவிடும். சங்கிலி இல்லை, வாளி இல்லை. இருந்தும் போகும்.

“ஒன்னக் கண்டா மட்டும் ஏன் இப்படிப் போகுது?” என்று கேட்டார் கணவர்.

அன்றைக்குச் சொன்னேன். கையைக் கவ்வியதை, கம்பை, இடுப்பை, எல்லாவற்றையும். “சரி, தவிட்ட வறுத்துக் குடு. நான் போடுதேன்” என்றார். அதன் பிறகு என் வைத்தியம் அடுப்படியோடு சரி. மூட்டையைச் சூடாக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, அதன் கண்ணில் படாமல் உள்ளேயே இருந்துகொள்வேன். நான் கிட்டே போகாமல் இருப்பதும் அதன் வலிக்கு ஒரு மருந்து என்று ஆகிவிட்டது.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு விசேஷத்துக்காக அவர் வாசுதேவநல்லூரில் தங்கை வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கவேண்டி வந்தது. தறிக்கும் லீவு. இரவெல்லாம் தூறல், காலையில் குளிர். வேறு வழியில்லாமல் நானே மூட்டையோடு போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் அது எழுந்தது. “வேண்டாம் மக்கா, படு, படு” என்றேன். படுக்கவில்லை. என்னைக் கடந்து, நொண்டிக்கொண்டே ஈரத் தரையில் நடந்து கிணற்றடிக்குப் போய் நின்றது. தண்ணீர் விழப்போகிறது என்று உடம்பெல்லாம் நடுங்கியது.

நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, மூட்டையை மெதுவாக இடுப்பில் வைத்தேன். முதலில் விறைத்தது. சூடு இறங்க இறங்க நடுக்கம் குறைந்தது. திரும்பி என் கையைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. பின்கால்கள் மடங்கி, அங்கேயே என் காலருகில் உட்கார்ந்துவிட்டது. யாரும் இல்லாத அந்த வீட்டில், வாய்விட்டு அதனிடம் மன்னிப்புக் கேட்டேன். மூட்டை ஆறும்வரை எடுக்கவில்லை.

மறுநாள் காலை மூட்டையோடு போனேன். என்னைப் பார்த்ததும் அது எழுந்து கிணற்றடிக்குப் போனது.