எனக்கு வலப்பக்கத்து இடம்

எழுந்து போய்விடலாம் என்ற யோசனை எனக்கு வந்தபோது, திராட்சரசப் பாத்திரம் என்னிடமிருந்து இரண்டு வாய் தூரத்தில் இருந்தது. திருவிருந்துக்காகப் பீடத்துக்கு முன்னால் மரக் கிராதியில் வரிசையாக மண்டியிட்டிருந்தோம். எங்கள் சபைப் போதகரான ஐயர் அப்பம் கொடுத்து முடித்து, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இடமிருந்து வலமாக வந்துகொண்டிருந்தார். ஒரே பாத்திரம். ஒருவர் குடித்ததும் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, சற்றே திருப்பி, அடுத்தவர் வாயில் வைப்பார். பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி. அன்றைக்குத்தான் அந்தத் துணியைப் பார்த்தேன். அது எதைத் துடைக்கும், எதைத் துடைக்காது என்று யோசித்தேன்.

என் இடப்பக்கம் அத்தை, அதாவது என் மாமியார். வலப்பக்கம் எங்கள் தெருக்கோடி அக்கா. அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவர். எத்தனை தேய்த்தாலும் போகாத வெள்ளிப் பவுடர் அவர் விரல்களில் மினுங்கியது. அந்த விரல்களைக் கிராதியின் மேல் கோத்து வைத்துக் காத்திருந்தார். எனக்கு அடுத்த வாய் அவருடையது.

அத்தைக்கு முன்னால் ஐயர் வந்து நின்றதும் நான் எழுந்தேன். கோயில் நடுவே, எல்லாரும் பார்க்க, வாசல் வரைக்கும் நடந்தேன். செருப்பைத் தேடும்போது உள்ளே பாட்டு ஒரு நொடி தடுமாறியது கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை முதலில் கதவைச் சாத்தினார்.

"ஒரு மடக்குத்தானே? குடிச்சிட்டு வந்தா என்னவாம்? இப்ப ஊரே கேக்கும், ஏன் எந்திரிச்சான்னு."

"அடுத்து அந்த அக்கா குடிப்பாங்களே அத்தை."

"அவளுக்கு வாரது வராமலா இருக்கப் போவுது, கம்பெனித் தூசியில கெடக்கிறவளுக்கு?"

அதற்கு இரண்டு நாள் முன்புதான் மதுரையில் டாக்டர் என் நெஞ்சுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வலது மேல்மூலையில் சாம்பல் பூசினதுபோல் இருந்த இடத்தைக் காட்டியிருந்தார். பினாங்குக்குப் போகும் பெர்மிட்டுக்காக எடுத்த படம். என் கணவர் அங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் கப்பலேறியவர், போய் ஒரு வருஷமாகியிருந்தது. பெர்மிட் வந்ததும் நான் போவதாக ஏற்பாடு. அந்தத் துடிப்பில் மலாய் பாஷையில் இருபது முப்பது சொல் நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன். நான் டீச்சராக இருந்த பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கரும்பலகையில் மலாயா படம் வரையச் சொல்லி, பினாங்கு எங்கே என்று தினமும் கேட்டிருக்கிறேன். வேலையையும் விட்டாயிற்று. டாக்டர் சொன்னார்: "குணமாயிடும்மா. ஒன்றரை வருஷமாவது மருந்து நிறுத்தாம எடுக்கணும். சளியில கிருமி போகிற வரைக்கும் தட்டு, டம்ளர் தனியா வச்சுக்கோ. முழுசா முடிச்சாத்தான் கப்பல்."

சுகாதாரப் பாடத்தில் நானே காச நோய் பற்றிச் சொல்லிக் கொடுத்தவள். காற்றும் வெளிச்சமும் இல்லாத வீட்டில் இருப்பவர்களுக்கு வரும் என்று அழுத்தம் திருத்தமாகச் சொல்வேன். அப்போது ஜன்னல் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். எங்கள் வீட்டில் கூடத்துக்கு மட்டும் நான்கு ஜன்னல்கள். படத்தைப் பார்த்த பிறகு அந்த ஜன்னல்களை எண்ணிப் பார்க்கவே கூசியது. இருமலை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கும் காரணம் உண்டு. சாத்தூரில் இருமாதவர்கள் யார்? தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசுக் கம்பெனி, கரிசல் புழுதி என்று ஆளுக்கொரு காரணம்.

அத்தையின் சட்டம் ஒன்றே ஒன்று: வியாதியின் பெயர் வாசற்படி தாண்டக் கூடாது. நாத்தனாருக்குக் காரியாபட்டிப் பக்கம் வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். "அண்ணன் பொண்டாட்டிக்கு டி.பி.ன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்?" என்றார். நியாயம்தான். என் கணவருக்குத் தெரியும். மருந்தை முடித்துவிட்டே வா என்று எழுதியிருந்தார். அவரோ அங்கே கேட்பவர்களிடம் நான் ஏதோ மேற்படிப்பு படிப்பதாகச் சொல்லி வைத்திருந்தார். ஆக, கடலுக்கு இந்தப் பக்கம் பெர்மிட் தாமதம், அந்தப் பக்கம் மேற்படிப்பு. உண்மையில் நான் பின்கட்டு அறையில் படுத்துக் கிடந்தேன்.

ஆஸ்பத்திரி நர்ஸம்மா தினமும் சாயங்காலம் வந்து ஊசி போடுவார். அதில் காதுக்குள் சில்வண்டு கத்தும். அதைக்கூடப் பொறுக்கலாம். பாஸ் என்று ஒரு மருந்து, கரண்டி கரண்டியாகத் தண்ணீரில் போட்டுக் குடிக்க வேண்டும். குடித்த கொஞ்ச நேரத்தில் கொல்லைப்புறம் ஓடுவேன். வாந்தி எடுக்கும் சத்தம் பக்கத்துக் கொல்லைகளுக்குக் கேட்கும். அதற்கு ஈடுகட்ட முட்டை, பால், மீன் எண்ணெய் என்று அத்தை ஊட்டமாகக் கொடுத்தார். அதில் குறை வைக்கவேயில்லை. இரண்டு மாதத்தில் கன்னம் உப்பி, இடுப்பு ரவிக்கைக்குக் கீழே பிதுங்கியது.

சும்மா கிடப்பது எனக்கு ஆகாது. திருவிருந்து வரும் ஞாயிறுகளில் என்ன செய்வது என்று படுத்தபடியே திட்டம் போட்டேன். ஒரு திட்டம் பளிச்சென்று வந்தது. ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம்! சில ஊர்களில் அப்படிக் கொடுக்கிறார்களாம். பெண்கள் சங்கக் கூட்டத்துக்குப் போய், ஜன்னலோரம் தள்ளி உட்கார்ந்து, சுகாதாரம், புதிய முறை என்று பிரசங்கம் செய்தேன். யாரும் மறுக்கவில்லை, சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "டீச்சருக்கு நம்ம எச்சி ஆகாதாக்கும். பினாங்கு போறதுக்கு முன்னாலேயே இம்புட்டு!" என்றது. என் எச்சில் உங்களுக்கு ஆகாது என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்கடுத்த வாரம், வேலை விட்டுக் கம்பெனி லாரியில் வந்து இறங்கிய அக்கா, நேரே எங்கள் பின்வாசலுக்கு வந்தார். அத்தை கடைக்குப் போயிருந்த நேரம். முந்தானைக்குள்ளிருந்து ஒரு பித்தளைக் கிண்ணத்தை எடுத்து நீட்டினார். நறுக்கிய பச்சை மாங்காய், மேலே உப்பும் மிளகாய்ப்பொடியும்.

"சாப்பிடுங்க டீச்சர். இந்த நேரத்துக்கு நாக்கு கேக்கும்."

"எந்த நேரத்துக்கு?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "யாருன்னு நான் கேக்கலை. கேக்கவும் மாட்டேன். ஊரு என்னமும் சொல்லிட்டுப் போகுது. திருவிருந்துல பாத்திரத்தைத் தொடப் பயந்து எந்திரிச்சுப் போனீக பாருங்க, அப்பவே எனக்கு வெளங்கிப் போச்சு. மனசாட்சி உள்ள புள்ளைன்னு எங்க வீட்டுக்காரர்கிட்டக்கூடச் சொன்னேன்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாந்தி, தினமும் வரும் நர்ஸம்மா, உப்பிய இடுப்பு, கடல் தாண்டி இருக்கும் புருஷன், இதற்கெல்லாம் மேல் திருவிருந்திலிருந்து எழுந்து போனது. எங்கள் சபையில் பாவத்தில் இருப்பவர்கள்தான் பாத்திரத்தைத் தொடமாட்டார்கள். தப்பு செய்தவர்களைச் சபையார் அப்படித்தான் விலக்கி வைப்பார்கள். கூட்டிக் கழித்து ஊர் ஒரு விடைக்கு வந்துவிட்டது. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த எனக்குத்தான் அது தெரியவில்லை.

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் சொல்லவில்லை. மருந்தில் செத்துப் போயிருந்த நாக்குக்கு அந்த மாங்காயின் புளிப்பு அவ்வளவு வேண்டியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்க, நின்ற இடத்திலேயே காலி செய்துவிட்டு, விளக்கித் தருகிறேன் என்று கிண்ணத்தை வைத்துக்கொண்டேன். "ஆங், அப்படித்தான்," என்று அவர் சந்தோஷமாகத் தலையாட்டியதை நினைத்தால் இன்னும் காது சூடாகிறது.

மறுநாளே ஐயர் வந்தார். நல்ல மனுஷர், எதையும் நேரே கேட்கத் தெரியாதவர். மழை, பஞ்சு விலை, தீபாவளிச் சீசன் ஆர்டர் என்று சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு தரையைப் பார்த்தபடி, "பிள்ளை ரெண்டு திருவிருந்தா வரலை. மனசில் ஏதாவது பாரம் இருந்தா..." என்று நிறுத்தினார்.

நான் அத்தையைப் பார்த்தேன். ஒரு சொல் போதும். நெஞ்சில் சீக்கு, மருந்து சாப்பிடுகிறாள் என்றால் முடிந்தது. அத்தை காபி டம்ளரை ஐயர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"ஜெபம் பண்ணிக்கோங்க ஐயா," என்றார். அவ்வளவுதான்.

ஐயர் எழுந்து என் தலைக்கு நேரே கையை நீட்டி, பாவிகளுக்காக ஜெபித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். வியாதி என்றால் அது வீட்டுக்கே ஒட்டும், நாத்தனாரின் கல்யாணத்தையும் தொடும். மற்றது என்றால் என் ஒருத்தியோடு போகும். அத்தை எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது அந்த ஜெபத்துக்குள் எனக்கு விளங்கியது. இன்னொன்றும் விளங்கியது. கோயிலில் அத்தை எப்போதும் என் வலப்பக்கம்தான் மண்டியிடுவார். நான் எழுந்து போன அன்று மட்டும் இடப்பக்கம் மாறியிருந்தார். பாத்திரம் எனக்கு முன்னால் அவருக்கு வர வேண்டும் என்று. அப்படி அவர் காலி செய்த இடத்தில்தான் ஒன்றும் அறியாத அக்கா வந்து மண்டியிட்டார்.

அன்று சாயங்காலம் பித்தளைக் கிண்ணத்தை விளக்கி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் அவரும் சின்ன மகளும் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க டீச்சர், வாங்க. இங்கன உக்காருங்க. நடக்கலாமா இப்படி?"

"அக்கா, எனக்குப் பிள்ளை ஒண்ணும் இல்லை. எனக்கு டி.பி."

சொல்லும்போதே அவர் கை மகளின் தோளைப் பற்றித் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளியது. தெரிந்து செய்ததில்லை. சூடான பாத்திரத்தில் கை பட்டால் இழுத்துக்கொள்வோமே, அந்த மாதிரி. ஊரார் சொன்ன பாவத்துக்கு மாங்காய் நறுக்கிக் கொண்டுவந்த கை அது.

நான் கிண்ணத்தை நீட்டினேன்.

"அது... இருக்கட்டும் டீச்சர். நீங்களே வச்சுக்கோங்க," என்றார்.

நீட்டிய கையை எப்படி மடக்குவது என்று தெரியாமல் நின்றேன். அவரும் முகம் சிவந்து, "தப்பா நினைச்சுக்கிடாதீக. சின்னப்புள்ள இருக்கு வீட்டுல," என்றார். அதிலும் ஒரு தப்பும் இல்லை. டாக்டர் எனக்குச் சொன்னதைத்தான் அவர் செய்தார். ஆனாலும் திரும்பி வரும்போது, பேசாமல் கெட்டுப்போனவளாகவே இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்குத்தான் இன்றைக்கும் அதிகமாக வெட்கப்படுகிறேன்.

அக்கா ஒருவரிடமும் சொல்லவில்லை. அதோடு விடவுமில்லை. குழாயடியில் என்னைப் பற்றிப் பேச்சு வந்தபோது, குடத்தை 'ணங்'கென்று வைத்து, "ஏ, அவுக வயித்துல பிள்ளையுமில்லை கிள்ளையுமில்லை. குடல்புண்ணு. வாயில மண்ணள்ளிப் போட்ருவேன்," என்றாராம். நர்ஸம்மா சிரித்துச் சிரித்துச் சொன்னார். கீரை, கொய்யா என்று எதையாவது எங்கள் காம்பவுண்டுச் சுவரில் வைத்துவிட்டு, தெருவிலிருந்தே "டீச்சர், சுவத்துல பாருங்க!" என்று கத்திவிட்டுப் போவார். எப்போதும் வாழை இலையில் பொதிந்துதான் இருக்கும். பாத்திரத்தில் கொண்டுவந்ததில்லை.

சில மாதத்தில் சளியில் கிருமி இல்லை என்றார்கள். ஊசி வாரம் இரண்டாகி, பிறகு நின்றது. பாஸ் மட்டும் கடைசி வரை விடவில்லை. நாத்தனார் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் நான் பரிமாறவில்லை, கேட்டவர்களிடம் இடுப்புவலி என்றோம். போன வாரம் மதுரையில் டாக்டர் புதுப் படத்தைத் தூக்கிப் பிடித்தார். சாம்பல் இருந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு, ஆறிய தழும்பு. "முடிஞ்சது. இனி உன்னால யாருக்கும் ஒண்ணும் வராது. கப்பலுக்குப் போ," என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த மலாய்ச் சொற்களை நினைத்துப் பார்த்தேன். பாதி மறந்துவிட்டது.

மாதக் கடைசியில் நாகப்பட்டினத்தில் கப்பல். அதற்கு முன் இங்கே ஒரு திருவிருந்து இருக்கிறது, வருகிற ஞாயிறு. அத்தை நேற்று, என் பக்கம் பார்க்காமல், "நான் ஒன் வலப்பக்கமே இருக்கேன்," என்றார். அவருக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். வேண்டாம் அத்தை, இடப்பக்கமே இருங்கள் என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. அந்த இடத்தை நான் வேறொருவருக்காக வைத்திருக்கிறேன்.

ஒன்றும் சொல்லாமல் போய் அக்கா பக்கத்தில் மண்டியிட்டால், அன்றைக்கு அத்தை செய்ததைத்தான் நானும் செய்ததாகும். அதனால் நாளைச் சாயங்காலம், கம்பெனி லாரி வந்து நிற்கும் நேரத்துக்கு, அந்தப் பித்தளைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போகப் போகிறேன். வெந்நீரில் கொதிக்கவைத்து, புளி போட்டு விளக்கி வைத்திருக்கிறேன். டாக்டர் சொன்னதை அப்படியே சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை கிராதியில் என் வலப்பக்கம் காலியாக இருக்கும், வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்பேன். பிறகு, கிண்ணத்தை நீட்டுவேன்.