தபி நடந்த ஞாயிற்றுக்கிழமை

தாம்பரம் சானடோரியத்தில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் ஜெயசீலிக்குச் சட்டைக் காலர் தைக்கும் வேலை. கணவர் தனசிங் லாரி டிரைவர், பாதி நாள் வெளியூர். மகன் துரை ஒன்பதாவது முடித்திருந்தான். பல வருடம் கழித்துப் பிறந்த தபீதாளுக்கு, வீட்டில் தபிக்கு, அப்போதுதான் ஒரு வயது. ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு. மற்ற நாட்களில் குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பச்சையம்மா பார்த்துக்கொள்வாள். அம்மா ஓவர்டைம் போகும் ஞாயிறுகள் துரையின் முறை. கஞ்சி ஊட்டுவது, குளிப்பாட்டுவது, ஈரத் துணி மாற்றுவது எல்லாம் அவனுக்குப் பழக்கியிருந்தாள்.

“ஆம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் இன்னாத்துக்கு ஜெயசீலி?” என்பாள் பச்சையம்மா.

“நாளைக்கு இவனும் அப்பா ஆவான்லக்கா. அப்ப போய் யார்கிட்ட கத்துக்குவான்?”

தொண்ணூற்றிரண்டு மே மாதம். சரக்கு கப்பலேற வேண்டிய அவசரம், ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அன்றைக்கென்று வற்றிய ஏரியில் துரைக்குப் பல்லாவரம் டீமுடன் கிரிக்கெட் மேட்ச். பச்சையம்மாவும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள்.

“அம்மா, இன்னைக்கு மட்டும் லீவு போடேன்.”

“முடியாதுடா. நீ விளையாடப் போ, யார் வேண்டாம்னா? தங்கச்சியையும் தூக்கிட்டுப் போ.”

இடுப்பில் குழந்தை, தோளில் பால் புட்டிப் பை. துரை வந்து நின்ற கோலத்தைப் பார்த்து, பச்சையம்மாவின் மகனும் கேப்டனுமான சிட்டிபாபு தலையில் கை வைத்துக்கொண்டான்.

“இன்னாடா இது? மேட்ச் ஆட வந்துகீறியா, தொட்டில் கட்ட வந்துகீறியா?”

“என் முறைடா. நான் ஆடுறப்ப நீ புடிச்சுக்க.”

கடைசி ஓவர். நான்கு ரன் தேவை. மட்டையைப் பிடித்து நின்றான் துரை. பந்து வீச ஓடிவந்த பல்லாவரம் ஏகநாதன் பாதியில் நின்றுவிட்டான். சிட்டிபாபுவின் விரலை உதறிவிட்டுத் தபி நடந்து வந்துகொண்டிருந்தாள். அதுவரை ஓரடி தனியாக வைக்காதவள். துரை மட்டையைப் போட்டுவிட்டு முழங்காலிட்டான். “வா தபி, வா.” இரண்டு டீம் பையன்களும் மூச்சுவிடாமல் பார்த்திருக்க, தள்ளாடித் தள்ளாடி வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஏரியே அதிர்ந்தது. அடுத்த பந்தில் துரை அவுட்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த ஜெயசீலி, வாசலில் கூட்டத்தைக் கண்டு பதறி ஓடினாள்.

“குழந்தைக்கு என்னடா?”

“ஒண்ணும் இல்ல ஆன்ட்டி,” என்றான் சிட்டிபாபு. “நாங்க தோத்துட்டோம். அத்த வுடுங்க. பாப்பா நடக்குது.”

தபி முதலில் மாட்டேன் என்றாள். துரை அம்மாவின் பக்கம் திருப்பி நிறுத்தியதும் சிரித்துக்கொண்டே கிளம்பினாள். ஜெயசீலி குழந்தையைத்தான் பார்க்க நினைத்தாள். ஆனால் கண்ணில் பட்டது, தபிக்கு இருபுறமும் குந்தி, விழுந்தால் தாங்குவதற்கென்று கைகளை நீட்டியிருந்த பையன்கள். புழுதி படிந்த அத்தனை கைகள். ஏகநாதனுடையவையும் அவற்றில் இருந்தன. முதல் அடியைத் தவறவிட்டோமே என்ற வருத்தம்கூட அவளுக்கு எழவில்லை. பிள்ளையை வாரி எடுத்தாள்.

“ஒரு தபா நான் தூக்கட்டுமா ஆன்ட்டி?” என்றான் சிட்டிபாபு.

“கையக் கழுவிட்டு வாடா.”

தண்ணீர்த் தொட்டியருகே தள்ளுமுள்ளு தொடங்கியது.